நடுப்பாதம்

"பாத்துத் தள்ளு. கால் சுவத்துல இடிச்சிடப் போகுது." வீல்சேரில் உட்கார்ந்திருந்த கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மனைவி மூச்சு வாங்க டாக்டர் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வீடு மாற்றுகிற வேலை. இருவரும் பீரோவைப் படியில் இறக்கும்போது அவர் கால் பிசகிச் சறுக்கிவிட்டார். சரிந்த பீரோவைக் கீழ்ப்படியில் நின்று தாங்கிப் பிடித்தவள் மனைவிதான்.

"நல்லவேளை, இவளுக்கு ஒண்ணும் ஆகல டாக்டர்," என்றார்.

காலையிலிருந்து கைகால்களாகவே பார்த்து ஓய்ந்துபோயிருந்த டாக்டரம்மா, குனிந்து அவர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு முனகல் வந்தது. மனைவி ஒரு காலில் குதிகாலை மட்டும் ஊன்றி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பெரிசா ஒண்ணும் இருக்காதுல்ல டாக்டர்? பாதி சாமான் இன்னும் அங்கயே கிடக்கு," என்றாள், குரலே எழாமல்.

"சார், நுனிக்கால்ல எழும்பி நில்லுங்க."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முகத்தைச் சுளித்தபடி நின்றுவிட்டு, மறுபடி வீல்சேரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெறும் சுளுக்குதான். நடுப்பாதத்துல எலும்பு விலகியிருக்குமோன்னு சந்தேகப்பட்டேன். அது பொல்லாதது. படுக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தா சில சமயம் தெரியக்கூடத் தெரியாது. சுளுக்குன்னு நினைச்சு நடமாடிட்டே இருந்தா, அப்புறம் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான்."

கணவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது இருந்தா எப்படித் தெரியும் டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"நுனிக்கால்ல நிக்க முடியாது. உள்ளங்கால் நடுவுல கன்னிப்போய் நீலமா இருக்கும். சாருக்கு அப்படி எதுவும் இல்லம்மா, கவலைப்படாம கூட்டிட்டுப் போங்க."

அவள் நகரவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பை மெல்லக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள்.

டாக்டரம்மா குனிந்தார். ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தார். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"எந்திரிங்க சார். அவங்க உட்காரணும்."