ஆறாவது பஜ்ஜி

நிலக்கரிக்குத் தடை வந்த பிறகு, எங்கள் மலை ரயிலின் நீராவி எஞ்சினுக்குப் பலகாரம் பொரித்த பழைய எண்ணெய்தான் தீனி. புது எண்ணெயை எரித்தால், எஞ்சினில் தீ மூட்டும் ஃபயர்மேனான எனக்கு ஜெயில். புரட்டாசி பிறந்ததும் ஊரே கறியை விட்டது, சிக்கன் பொரிக்கும் கடைகள் மூடின, பழைய எண்ணெய் வரத்தும் நின்றது. இன்று பாதி மலையில், ஒரு சின்ன ஸ்டேஷனில் எண்ணெய் தீர்ந்து வண்டி படுத்துவிட்டது.

கேன்டீனில் புது எண்ணெய் டின் இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி போட்டு, பயணிகளை உட்காரவைத்தேன். பொரித்ததைத் தின்று தீர்த்தால்தான் எண்ணெயை எரிக்கலாம் என்பது சட்டம்.

“யோவ், நான் இதய டாக்டர்! எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னு ஒரு கூட்டத்துல பேசத்தான் மேலே போறேன்,” என்று அலறினார் குணாளன்.

“அப்ப மேலே போகணுமா வேணாமா சார்?” அவர் பங்கில் மிச்சமிருந்த ஆறாவது பஜ்ஜியை நீட்டினேன். தட்டைக் காலி செய்த மற்றவர்கள் அவரையே முறைத்தார்கள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சட்னி இருக்கா?”