நாலு மணிக்கு வர வேண்டியவர்கள்

வாசலில் நின்றவளின் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததுமே ரசியா பேகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு நாளே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

“வீட்டுக்கு ஆள் அனுப்ப வேணாம்னு போன்லயே சொன்னேன்ல?”

“டூட்டி முடிச்சு நேரா வர்றேன், நான் வந்தது...”

ரசியா பேச விடவில்லை. நாலு மணிக்கு மகள் நிலோஃபரைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன்காரன் துபாயில் இருப்பதாகப் புரோக்கர் சொல்லி வைத்திருக்கிறார். அந்த நேரம் மனநல ஆஸ்பத்திரிக்காரி நடுவீட்டில் நின்றால், அதிராம்பட்டினத்தில் அப்புறம் எவன் எட்டிப் பார்ப்பான் என்று பொரிந்து தள்ளினாள்.

துபாயில் இருக்க வேண்டிய ஃபாஜில், பின்கட்டு அறைக் கதவை உள்ளிருந்து மடேர் மடேரென்று அடித்தான்.

வந்தவளின் முகம் மாறியது. “பூட்டியா வச்சிருக்கீங்க?”

“ரெண்டு நாளாத்தான். காதுல குரல் கேக்குதுன்னு தெருவுல நின்னு கத்துறான்.”

“சாவியை எடுங்க.”

குரல் உயரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

சத்தம் அடங்கினால் போதும் என்று ரசியா கொடுத்தாள். வந்தவள் பையைக் கீழே வைத்தபோது, வாழையிலையில் சுருட்டிய மல்லிகைப்பூ தெரிந்தது. வீடு வீடாக அலைகிறவளுக்குப் பூ ஒன்றுதான் கேடு என்று ரசியா பல்லைக் கடித்தாள்.

கதவைத் திறந்து, அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள்.

“எனக்கும் கேட்டுச்சு தம்பி. பன்னெண்டு வருஷம் முன்னாடி. என்னையும் இப்படித்தான் போட்டுப் பூட்டுனாங்க.”

ஃபாஜில் அவளையே பார்த்தான். “இப்ப?”

“எப்பவாச்சும். மாத்திரை போடுறேன். உன்னை மாதிரிப் புள்ளைங்களோட உக்காந்து பேசுறதுதான் இப்ப என் வேலை. மொதல்ல சாப்பிடு.”

நிலோஃபர் ஓடிப்போய்ச் சோறு கொண்டுவந்தாள். இரண்டு நாளாகத் தட்டைத் தொடாதவன் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். ரசியாவுக்கு அதுவும் ஆத்திரமாக வந்தது. மணி நாலாகப் போகிறது.

“ஆஸ்பத்திரியில வேற ஆளே இல்லையா? பைத்தியம் புடிச்சு எழுந்தவளையா அனுப்புவாங்க? உங்களை வீட்ல வச்சுக்கிட்டு எவன் சம்பந்தம் பேசுவான்? அவங்க வர்றதுக்குள்ள கிளம்புங்க.”

அவள் எழுந்தாள். சாவியைத் திருப்பித் தரவில்லை. பையிலிருந்த பூவை எடுத்து ரசியாவின் கையில் வைத்தாள்.

“புரோக்கர் என்னைப் பத்தியும் மறைச்சுட்டாரு. அதைச் சொல்லத்தான் முன்னாடியே வந்தேன். மாப்பிள்ளையைப் பெத்த உம்மா நான்தான்.”