ரயில் பக்கத்து அறை

“இந்த அறையில ரயில் சத்தம் கேக்குமா?”

மியாகே சான் இப்படிக் கேட்டபோது, எல்லோரையும் போல அவரும் பயந்து கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“கவலையே படாதீங்க. பின்பக்கம் கோயில் தோட்டம். குண்டூசி விழுந்தாத்தான் இங்க சத்தம்.”

அவர் பாய்த் தரையில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம். எழுந்தபோது முகம் வாடியிருந்தது.

“வேற அறை இருக்குங்களா?”

அந்த மாதத்தில் எங்கள் ஓட்டலுக்கு இது அவருடைய மூன்றாவது வருகை. கம்பெனி அவரை மட்டும் ஒசாகாவுக்கு மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. மனைவியும் மூன்றரை வயது மகனும் தூரத்தில், செந்தாய் நகரத்தில். இவர் இருப்பது கம்பெனியின் ஆண்கள் விடுதி. குடும்பத்தை உள்ளே விடமாட்டார்கள். மே விடுமுறைக்கு அவர்கள் இரண்டே நாள் வருகிறார்கள். அதற்குத்தான் இத்தனை அலசல்.

குழந்தையோடு தங்க அமைதியான ஓட்டல் எது என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் எங்களைத்தான் கை காட்டுவார்கள். லிஃப்ட் மணியைக்கூட நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம். வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. இந்த மனிதருக்கோ அதுவும் போதவில்லை.

வரவேற்புக்குத் திரும்பியதும், சாவிப் பலகையில் மிச்சமிருந்த ஒன்றைக் காட்டி, “அது?” என்றார்.

“அது 201. வேற வழியே இல்லாதவங்களுக்குத்தான் கொடுப்போம். ஒரு பக்கம் துணி அறை, ஒரு பக்கம் படிக்கட்டு. ஜன்னலைத் திறந்தா ரயில் பாதை.”

“பாக்கலாங்களா?”

கதவைத் திறந்தேன். உடனே ஒரு ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. மியாகே சான் சிரித்தார். மூன்று வருகையில் முதல் சிரிப்பு.

“இதையே குடுத்துடுங்க!”

“நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு போகுங்க. குழந்தை எப்படித் தூங்கும்?”

“பரவாயில்லீங்க. நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு. ரொம்ப நல்லது.”

அவர் போனதும், அறைகளைச் சுத்தம் செய்யும் ஒகினோ சான் பிடித்துக்கொண்டார்.

“ரயில் பைத்தியம்! நம்ம ஊர்ல இதுங்களுக்கா பஞ்சம்? கேமராவை மாட்டிக்கிட்டு ஜன்னலை விட்டு நகரமாட்டான் பாரு. எத்தனையோ நாள் கழிச்சுப் பொண்டாட்டி பிள்ளை வருது, அதுங்க தூக்கத்தைக் கெடுக்கப் பாக்கறான். என் வீட்டுக்காரனா இருந்தா, அவனையே தண்டவாளத்துல படுன்னு சொல்லியிருப்பேன்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சொன்ன தேதியில் வந்தார்கள். பையன் பெயர் இபுகி. அப்பாவைக் கண்டதும் அவன் ஓடவில்லை. நுனிக்காலிலேயே விறுவிறுவென்று போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா” என்றான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளையையா அந்த அறையில் போடுவது!

அவன் அம்மா சதோகோ சான் குனிந்து வணங்கி, அழகாகச் சுற்றிய மிட்டாய்ப் பொட்டலங்கள் மூன்றை மேஜையில் வைத்தார்.

“பக்கத்து அறைக்காரங்களுக்குக் குடுத்துடுங்க. சின்னப் பிள்ளை, தொந்தரவா இருக்கும். முன்னாடியே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. பின்பக்க அறையின் சாவியை எடுத்து நீட்டினேன்.

“கடைசி நேரத்துல ஒருத்தர் வரலேன்னுட்டார். ரொம்ப அமைதியான அறை. மாத்தித் தரட்டுங்களா?”

“அமைதியானதா?”

சதோகோ சானின் முகம் வெளுத்தது. அவர் கை தானாகவே மகனின் வாய்ப் பக்கம் போனது. பையன் பாவம், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

மியாகே சான் சாவியை மெல்ல என் பக்கமே தள்ளினார். அவர்களைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அங்க வீட்டுல சுவரு ரொம்ப மெல்லிசுங்க. போன வருஷம் யாரோ தபால் பெட்டியில சீட்டு போட்டுட்டாங்க. ‘உங்கள் குழந்தையின் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது.’ அவ்வளவுதான், ரொம்ப மரியாதையா. அன்னிக்கே இவ வீடு பூரா கம்பளம் விரிச்சா. இவன் நுனிக்கால்ல நடக்கக் கத்துக்கிட்டான். எங்கிட்ட போன்ல பேசறதுகூடக் கிசுகிசுன்னுதான். எம்பிள்ளை குரலை முழுசாக் கேட்டே ஒரு வருஷமாச்சுங்க. அமைதியான அறைன்னா அங்கயும் கிசுகிசுப்பான்.”

பக்கத்தில் துவாலை மடித்துக்கொண்டிருந்த ஒகினோ சான் தலை நிமிரவில்லை. லிஃப்ட் மணியை நினைத்து முதல் முறையாக எனக்கு வெட்கமாக இருந்தது.

201 சாவியைக் கொடுத்தேன். மேலே போனார்கள்.

ஒரு ரயில் போனது. அதோடு சேர்ந்து மியாகே சானின் குரல்: “கத்துடா! இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க!”

பதில் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ரயிலில், சின்னதாக ஒரு “அப்பா”.

மூன்றாவது ரயிலில் அந்தக் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. “அப்பாஆஆ!” ரயில் போய்விட்டது. குரல் நிற்கவில்லை. கூடவே தடதடவென்று குதிக்கும் சத்தம், சதோகோ சானின் சிரிப்பு, எல்லாம் படிக்கட்டு வழியாக வரவேற்பறை வரை இறங்கி வந்தன.

அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த 305-காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னங்க சத்தம் அது?”

நான் வாயைத் திறக்கும் முன்பே ஒகினோ சான் சொன்னார்.

“ரயிலுங்க.”

“ரயில்தான் போயிடுச்சே?”

ஒகினோ சான் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இது வேற ரயிலுங்க. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கு. ரெண்டே நாள்தான், போயிடும்.”