முதல் தர மண்

வயலுக்குத் தரம் போட ஆட்கள் வந்த அன்று மண்புழுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் மண்ணைப் பிசைந்து உருட்டினார்கள், உப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஆழம் பார்க்கக் கம்பி குத்தினார்கள். கடைசியில் வரப்பில் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.

"என்ன எழுதியிருக்கு, நண்டண்ணே?"

"முதல் தர மண்ணாம். இங்கே யாரும் கட்டடம் கட்டக் கூடாதாம்" என்றது வரப்பு நண்டு.

"பின்னே? உழைச்சது யாரு!" என்று மண்புழு நெளிந்தது.

மறுவாரமே லாரிகள் வந்தன. பலகையைப் படித்தவர்கள், பங்களாக்களில் புல்தரை போடுவதற்கு மேல்மண்ணை மொத்தமாக வாரி ஏற்றினார்கள். மண்புழுவும் அதோடு போயிற்று.

"அண்ணே, பலகை என்னாச்சு?" என்று லாரியிலிருந்து கத்தியது.

"அப்படியேதான் நிக்குது" என்றது நண்டு. "யாரும் கட்டடம் கட்டலையே."