புல்வெளி ஓரத்துப் பலகை

"வேலைக்கு டிமிக்கி. வேறென்ன?" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

பின்பக்கப் புல்வெளியில் ஒரு மூலையை மட்டும் தோட்டக்காரர் மூணு மாசமாக வெட்டவேயில்லை. முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. ஏன் என்று கேட்டால், அங்கே தான் நட்டுவைத்த பலகையைக் கை காட்டுவார்.

‘ஆம்ஃபியெஸ்மா ஸ்டோலேட்டம் பாம்பு இருக்கிறது. உள்ளே வராதீர்கள்.’

வாயில் நுழையாத அந்தப் பேரைப் பார்த்தே யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பந்து உள்ளே விழுந்தால் போனது போனதுதான்.

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த விலங்கியல் டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அரை மார்க்கைக்கூடச் சும்மா தூக்கிக் கொடுக்காதவர். தப்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அது முதுகில் இரண்டு மஞ்சள் கோடு ஓடுகிற சாதாரணப் புல்வெளிப் பாம்பு. தவளையைத் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குக் கிடக்கும். புல் வெட்டச் சோம்பல்பட்டு, எங்கேயோ ஒரு பேரைப் பொறுக்கிக்கொண்டு வந்து இத்தனை பேரை மிரட்டுகிறாரே இந்த மனுஷன்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தோட்டக்காரரை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதுதான் பேச்சு. அவர் தொப்பியைக் கசக்கியபடி கதவோரம் நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சர் எழுந்து, அந்தப் பாம்பைப் பற்றிப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"பேர்தான் பெரிசு. துளி விஷம் கிடையாது. கடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது."

கூட்டம் கைதட்டியது. டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"அப்புறம் என்ன?" என்று இரண்டாம் மாடிக்காரர் சட்டைக் கையை மடித்தார். "நாலு பேர் கட்டையோட இறங்கினா பத்து நிமிஷ வேலை. விஷம்னு நினைச்சுல்ல இத்தனை நாள் விட்டு வச்சோம்."

செயலாளர் தன் வீட்டில் இரும்புக் கம்பி இருக்கிறது என்றார். இன்னொருவர், கொளுத்திவிட்டால் குனியவே வேண்டாம் என்றார். கூட்டம் களைகட்டிவிட்டது.

டீச்சருக்குச் சப்பென்றாகிவிட்டது. மெல்ல உட்கார்ந்தார்.

தோட்டக்காரர் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "விஷமில்லைன்னு எனக்கும் தெரியும் டீச்சர். முன்னே காலேஜ் தோட்டத்துல வேலை பார்த்தேன். அங்கே இதைக் கண்ணாடி ஜாடியில ஊறவச்சு, இந்தப் பேரை எழுதி ஒட்டியிருந்தாங்க. உயிரோட இருக்கும்போதே அந்தப் பேரைக் கொடுத்துப் பார்ப்போமேன்னு நினைச்சேன். பலகை வைக்கறதுக்கு முந்தி ஏழு பாம்பை அடிச்சாங்க. வச்சப்புறம் ஒண்ணைக்கூடத் தொடலை."

டீச்சருக்குச் சுருக்கென்றது. இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எழுந்தார்.

"ஒரு நிமிஷம். நான் பக்கம் மாத்திப் படிச்சுட்டேன் போலிருக்கு. நான் சொன்னது வேற பாம்பு."

மடித்த சட்டைக் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"இதோட நடமாட்டம் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்" என்று தோட்டக்காரரைக் காட்டினார். "இவரை அனுப்பிட்டீங்கன்னா, அப்புறம் என்னைக் கேட்காதீங்க."

அவசர அவசரமாகத் தோட்டக்காரரின் வேலை உறுதியானது. பலகையைக் கொஞ்சம் பளிச்சென்று எழுதிவைக்கும்படி செயலாளரே கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் பார்த்தால், பலகையில் கோணல்மாணல் எழுத்தெல்லாம் போய் மணிமணியான கையெழுத்து. அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு மண்டை ஓடு.

விலங்கியல் டீச்சர் வரைந்ததல்லவா, ஒரு எலும்புகூடப் பிசகவில்லை.