எழுதத் தோதான மென்பொருள்

நாலாவது மென்பொருளையும் கணினியில் இறக்கிப் பார்த்த வேல்ராஜுக்கு நம்பிக்கை பிறந்தது.

“ஏட்டி அமுதா, மொதல்ல பாத்ததுல தமிழ் எழுத்து ஒடஞ்சது. இதுல பக்கமும் அட்டையும் நாமளே போட்டுப் புத்தகத்த வெளியிட்டுரலாம். கரிசக்காட்டு வெவசாயத்தப் பத்தி நான் எழுதுததப் படிச்சா கோவில்பட்டியே அசந்துரும்!”

“எழுத ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டாள் மனைவி அமுதவள்ளி.

“நல்ல மென்பொருள் அமையட்டும்னு பாக்குதேன். ஒனக்கு அதெல்லாம் புரியாது.”

வாசலில் கூரியர் பெட்டி வந்தது. பிரித்த வேல்ராஜ் திகைத்தார். உள்ளே அடுக்கடுக்காக ஒரே புத்தகம்: ‘மானாவாரி மிளகாய்’. ஆசிரியர், அமுதவள்ளி வேல்ராஜ்.

“இத எதுல எழுதுன?”

“நீங்க வேண்டாம்னு தள்ளுன மொத மென்பொருள்லதான். எழுத்துருவ மாத்துனேன், சரியாயிட்டு.”

“எப்ப எழுதுன?”

“நீங்க மத்ததத் தேடிக்கிட்டு இருந்தப்ப.”

வெட்கமும் பெருமையும் ஒன்றாக முட்ட, வேல்ராஜ் ஒரு புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

“மொத கையெழுத்து எனக்குப் போட்டுக் குடு.”