யாரிடம் கலந்து பேசுவீர்கள்?

"இவளுக்கு யாரு இருக்கா? நான் சொல்றேன், எழுதிக்கம்மா" என்று மருதை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கேள்வி அவனிடம் கேட்கப்படவில்லை. அவன் மனைவி பவுனம்மாளிடம் கேட்கப்பட்டது.

கேட்டவள் பாக்கியமேரி. மதராஸிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். பெண்ணைப் படிக்கவைப்பதா, நிறுத்துவதா என்று ஒரு தாய் யோசிக்கும்போது சுற்றியிருப்பவர்களில் யார் பேச்சு எடுபடுகிறது என்று வீடு வீடாகக் கேட்டு வந்தாள். ஸ்ரீரங்கத்தை முடித்துவிட்டுப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள்.

"மனசுல இருக்கறதை யார்கிட்ட சொல்வீங்க? அஞ்சு பேரைச் சொல்லுங்கம்மா." அவ்வளவுதான் கேள்வி.

மருதை விரல் மடக்கினான். "எங்கம்மா. எங்கக்கா. அக்கா வீட்டுக்காரரு. என்கூட வேலை பாக்குற தங்கையன் சம்சாரம். அப்புறம் நான்."

பவுனம்மாளுக்குக் காது மடல் சுட்டது.

மகள் அஞ்சலையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதே இந்த ஐந்து பேர்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்த பெண். அக்கா மகனுக்குத் தை மாதம் கட்டிவைப்பதாக வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்து, பெற்றவளிடம் சேதியாகச் சொன்னார்கள்.

பவுனம்மாள் வேண்டாம் என்றாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். அவன் அறைந்தான்.

மறுநாள் தங்கையன் மனைவி வந்து, ஆம்பளை சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொன்னாள். போகிற வழியில் குழாயடியில் அதையே கதையாகவும் சொன்னாள்.

இவர்களிடம் அவள் மனசைத் திறக்கிறாளாம்.

பாக்கியமேரி பேனாவை வைத்துவிட்டாள். "அவங்களே சொல்லட்டுங்க."

"இவளா?" மருதை சிரித்தான். "கேட்டைத் தாண்டினா வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாதுங்க இவளுக்கு."

அறை வாங்கியபோதுகூட அடக்கிக்கொண்டவள். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"இவரு சொன்ன அஞ்சு பேரையும் அடிச்சிடுங்க" என்றாள். "எனக்கு ஒருத்தங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வெங்காயம் கொண்டுவர்றவங்க. ரெண்டு வருஷமா எல்லாத்தையும் அவங்ககிட்டதான் சொல்றேன். கன்னம் வீங்கிப் போயி நின்னப்ப, அவங்க ஒருத்தங்கதான் என்னாச்சுன்னு கேட்டாங்க."

"எவடி அவ? எங்கிருந்தோ வர்றவ என் வீட்டு விஷயத்துல..." மருதை எழுந்துவிட்டான்.

பவுனம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் தாழ்த்தியே பேசிய குரல், அந்தச் சின்ன அறையில் கணீரென்று எழுந்தது.

"பொண்ணைப் படிக்கவைன்னாங்க. அவங்களுக்கு எழுத்துத் தெரியாது. புள்ளை இல்லைன்னதும், ரேஷன் கார்டுக்குன்னு சொல்லிப் புருஷன் வீட்டுல ஒரு பத்திரத்துல கைநாட்டு வாங்கியிருக்காங்க. அது புருஷன் உறவைத் தீத்துவிட்ட பத்திரம். மறுநாள் மூட்டையைத் தூக்கி வெளியில வெச்சப்பதான் அவங்களுக்கே தெரியும்."

ரேஷன் கார்டு என்ற சொல்லிலேயே மருதையின் ஓங்கிய கை கீழே இறங்கியிருந்தது.

"உன் பொண்ணாவது எதுல கையெழுத்துப் போடுறோம்னு படிச்சுப் பாத்துப் போடட்டும்னாங்க. நாளைக்கு அஞ்சலையைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். யாரு தடுக்கிறாங்கன்னு பாக்குறேன். எழுதிக்குங்க, யார் பேச்சு எடுபட்டுச்சுன்னு."

அடுப்படி வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். அவளை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை.

பாக்கியமேரி பேனாவை எடுத்தாள். "அவங்க பேருங்க?"

"காளியாயி. துறையூர்."

"உங்களுக்குச் சொந்தமா?"

பவுனம்மாள் அப்போதுதான் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மூத்தவங்க. இவரோட மொத சம்சாரம்."